வீட்டிலிருந்து கம்பத்துக்கு

நவம்பர் 20, புதன்

பாடக்குறிப்பேடு புயல் மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. புதிது வரும்வரை எதிலாவது எழுதி வையுங்கள் என்றார் தலைமையாசிரியர் கலியமூர்த்தி சார். வீட்டில் தேடியதில் நகைக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரிதான் நனையாமல் கிடைத்தது. பீரோவுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. இதற்கிருந்த யோகம் எங்கள் தென்னந்தோப்புக்கு இல்லை.

வகுப்பு ஏழு. பாடம் மின்னியல். வருகை பாதி. ஊரில் விழாமல் நிற்கிற மின்கம்பம் ஒன்றே ஒன்று, அதுவும் மாரியம்மன் கோயில் மதிலில் சாய்ந்துகொண்டிருக்கிறது. கரண்டே இல்லாத ஊரில் கரண்டைப் பற்றி நடத்து என்கிறது பாட அட்டவணை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆனாலும் நடத்தினேன். மின்கலம், சாவி, பல்பு, கம்பி. சாவி திறந்திருந்தால் மின்னோட்டம் பாயாது. மூடினால் பாயும். கரும்பலகையில் படம் போட்டேன். பிள்ளைகள் படத்தைப் பார்க்காமல் ஓட்டுக்கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தார்கள். அதன் வழியாக நல்ல வெளிச்சம் வந்தது.

வீட்டுக்காரர் இன்றும் தோப்புக்குப் போய்விட்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்தார். எத்தனை மரம் நிற்குது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

கம்பம் நட தருமபுரிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்குத் தங்க இடம், என் ஏழாம் வகுப்பறை. நாங்கள் சத்துணவுக்கூடத்துக்குக் குடிபெயர்ந்தோம். பருப்பு வேகிற வாசனையில் பாடம் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. பதினோரு மணிக்கு மேல் ஒரு பிள்ளையும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சாக்பீஸ் எடுக்கப் பழைய வகுப்பறைக்குப் போனால், பெஞ்சுகளில் ஈர லுங்கிகள் காய்கின்றன. ஒரு பையன், முப்பது வயசுகூட இருக்காது, என்னுடைய இந்திய வரைபடத்தைத் தரையில் விரித்துப் படுத்திருந்தான். துணி ஒட்டிய பழைய வரைபடம். எனக்குச் சுரீரென்று வந்தது.

"என்ன தம்பி இது? படுக்க வேற எடமே கெடைக்கலையா?"

அவன் பதறி எழுந்தான். "தரையெல்லாம் ஈரமுங்க டீச்சர். காஷ்மீர்ல தல வச்சுக் கன்னியாகுமரிப் பக்கம் கால நீட்டிக்கிட்டனுங்க."

சிரிக்கக் கூடாது என்று நினைத்தும் சிரிப்பு வந்துவிட்டது. பெயர் மாதேஷ். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். மகள் எல்.கே.ஜி. படிக்கிறாளாம். பாடத்துக்குக் கம்பித்துண்டு வேண்டும் என்று கேட்டதும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொட்டினான்.

நவம்பர் 24, ஞாயிறு

மைக்செட் கோவிந்தராசு ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வருகிறார். வீட்டுக்கு அரைமணி நேரம். அதற்குள் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பவேண்டும், போன் சார்ஜ் ஏற்றவேண்டும், மாவு ஆட்டவேண்டும்.

அவர் ஒரு ஒயர் செய்து வைத்திருக்கிறார். இரண்டு முனையிலும் பிளக். ஒன்றை ஜெனரேட்டரில் செருகுகிறார், இன்னொன்றை நம் வீட்டு ஹால் சுவரில் இருக்கிற பிளக் பாயின்டில் செருகுகிறார். அவ்வளவுதான், வீடு முழுக்கக் கரண்டு. அப்படி ஒரு ஒயர் எந்தக் கடையிலும் கிடைக்காது. கிடைக்கக் கூடாது. ஆனால் தொட்டியில் தண்ணீர் இல்லாதபோது விஞ்ஞானம் பேசி என்ன ஆகப்போகிறது.

"மெயினை மட்டும் எறக்கி வச்சுருங்க, மறுபடி யாரும் தொடாதீங்க" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார். என் வீட்டுக்காரர் உத்திராபதி தன் கையால் மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கிவிட்டார். இறக்கினால் நம் வீடு தனி, தெருக்கம்பி தனி.

சிங்கப்பூரிலிருந்து மகன் பேசினான். "வீடு இருக்காம்மா?" இருக்கு என்றேன். "தோப்பு?" போனை அவரிடம் கொடுத்தேன். அவர் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 25, திங்கள்

இன்று நல்ல வகுப்பு. மாதேஷ் கொடுத்த கம்பித்துண்டுகளைச் சீவி, டார்ச் பல்பு, பேட்டரி, சாவிக்குச் சேப்டி பின், எல்லாம் வைத்து ஆளுக்கொரு சுற்று செய்தார்கள். முதல் பல்பு எரிந்ததும் சத்துணவு ஆயாகூடக் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தார். இருட்டில் கிடக்கிற ஊருக்கு அது தீபாவளி.

பிறகு வீட்டுக்கு எப்படி மின்சாரம் வருகிறது என்று படம் போட்டேன். கம்பத்திலிருந்து வீட்டுக்கு அம்புக்குறி. எதிர்வீட்டுப் பரமேஸ்வரியின் மகள் துர்கா கையைத் தூக்கினாள். எனக்கு அவள் கையைக் கண்டாலே பயம். பாடத்தில் இல்லாததைத்தான் கேட்பாள்.

"வீட்லேந்து கம்பத்துக்குப் போவாதா டீச்சர்? இப்ப ஜெனரேட்டரு வீட்லதான ஓடுது?"

"போவாது. ஒக்காரு."

அதோடு விடாமல், 'மின்சாரம் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மட்டுமே செல்லும்' என்று எல்லாருக்கும் குறிப்பு எழுதிப்போட்டேன். தேர்வில் தப்பாக எழுதுகிறவர்கள் பத்துத் தடவை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கவேண்டும். இது என் வகுப்புச் சட்டம், பத்து வருடமாக மாறாதது.

அவள் கேட்டதில் தப்பில்லை. மெயின் இறங்கியிருந்தால் போகாது, ஏறியிருந்தால் போகும். அதை விளக்கப்போனால் இன்னும் இரண்டு பாடவேளை ஆகும், சாப்பாட்டு மணி வேறு அடித்துவிட்டது. ஏழாம் வகுப்புக்கு இது போதும்.

நவம்பர் 28, வியாழன்

மெயினை இறக்கி வைத்திருப்பதில் ஒரு சங்கடம். நிஜக் கரண்டு வந்தாலும் நமக்குத் தெரியாது. அதனால் தினம் விடிகாலையில் எழுந்ததும் கைப்பிடியைத் தூக்கிப் பார்க்கிறேன். ஹால் பல்பு எரிகிறதா? இல்லை. மறுபடி இறக்கிவிட்டுப் பால் வாங்கப் போகிறேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தால், "ஒன் வீட்டு மெயினைத் தூக்குனா கம்பம் தானா முளைச்சுருமா?" என்பார். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. என் அம்மா சொல்வாள், இவள் விதைத்த மறுநாள் தோண்டிப் பார்ப்பாள் என்று.

கம்பி இழுக்க எங்கள் தெருவின் முறை அடுத்த புதன்கிழமையாம். சாயங்காலம் ஒரு தூக்கில் ரசமும் அப்பளமும் எடுத்துக்கொண்டு மாதேஷைப் பார்க்கப் போனேன். சும்மா சொல்வானேன், காரியமாகத்தான் போனேன்.

"எங்க தெருவக் கொஞ்சம் முன்னாடி பாக்க முடியாதா தம்பி?"

"ஃபோர்மேன் அய்யாசாமியண்ணன்தாங்க சொல்லணும்." தூக்கைத் திறந்து மோந்து பார்த்தான். "ஒரு வாரமா சாம்பார்சோத்துப் பொட்டலம் தின்னு நாக்கு செத்துப்போச்சுங்க. ஊரெல்லாம் தேங்கா கொட்டிக் கெடக்குது, ஒரு தேங்கா சட்னிக்கு வழியில்லைங்க."

"தெருவுக்குக் கரண்டு குடு, சட்னி நான் அரைச்சுத் தர்றேன்" என்றேன்.

"வாக்கு மாறக் கூடாதுங்க டீச்சர்" என்று சிரித்தான்.

டிசம்பர் 1, ஞாயிறு, காலை

விடிந்ததும் வழக்கம்போல மெயினைத் தூக்கிப் பார்த்தேன். பல்பு எரியவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் "டீச்சர்!" என்று ஒரு குரல். ஓடிப்போய்ப் பார்த்தால் மாதேஷ், இடுப்பில் பெல்ட்டும் தோளில் கயிறுமாக. கூடக் கயிறு பிடிக்க ஒருவன்.

"இன்னிக்கு எங்களுக்கு லீவுங்க. ஃபோர்மேன்கிட்ட மெதுவா சொல்லிட்டு வந்திட்டனுங்க. உங்க தெருவ முடிச்சிட்டுத்தான் மத்தியானச் சோறு."

எனக்குக் காலே தரையில் நிற்கவில்லை. தெரு முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன். கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுத்துவிட்டார்கள், இனி எங்கள் வாசல் கம்பத்தில் இணைப்புக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடுமாம். கோவிந்தராசுவின் வண்டியும் வந்துவிட்டது, எங்கள் முறை. தேங்காய் துருவி வைத்துவிட்டேன். இட்லி வெந்துகொண்டிருக்கிறது. ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறது. எழுந்து போகிறேன்.

டிசம்பர் 2, திங்கள்

பள்ளிக்கு இன்று விடுமுறை விட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 3, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மிக்ஸியில் தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சைமிளகாயும் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் அம்மியில் அரைத்த தோள்பட்டைக்கு அந்த இரைச்சல் சங்கீதமாக இருந்தது. நடுவில் நின்றுவிட்டது. நான் உள்ளிருந்தபடியே, "அந்த ஆளு டேங்குல ஊத்துனாரா இல்லையா, பாருங்களேன்!" என்று கத்தினேன். பிறகு பரமேஸ்வரியின் அலறல்.

வாசலுக்கு வந்தேன். மாதேஷ் கம்பத்தில்தான் இருந்தான். பெல்ட் அவனைக் கீழே விடவில்லை. தலை மட்டும் தொங்கியது. கயிறு பிடித்தவன் கீழே நின்று "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஜெனரேட்டரை வாசலில் நின்றவர்கள்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஏணி வைத்து இறக்கி, தேங்காய் லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உயிர் எப்போதோ போய்விட்டது என்றார்களாம்.

ஏறுவதற்கு முன்னால் அவன் கேட்டிருக்கிறான். "மெயின் ஆஃப்ல இருக்குதுங்களா?" என் வீட்டுக்காரர்தான் பதில் சொல்லியிருக்கிறார். "ஆஃப்லதான் இருக்கு, ஏறுங்க தம்பி."

மத்தியானம் மின்வாரிய உதவிப் பொறியாளர் வந்து வீடு வீடாகப் பார்த்தார். எங்கள் மெயின் இறங்கித்தான் இருந்தது. அவரே தொட்டுப் பார்த்தார்.

சட்னி மிக்ஸியிலேயே புளித்துப்போயிருந்தது. ஜாரோடு கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்தேன்.

டிசம்பர் 4, புதன்

இன்று எங்கள் தெருவின் முறை. யாரும் வரவில்லை. எந்த வீட்டுக் கரண்டு என்று தெரியாமல் கம்பத்தைத் தொடமாட்டோம் என்று ஆட்கள் வகுப்பறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் பரமேஸ்வரியும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். பரமேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் டீச்சர். அன்னிக்கு நம்ம தெருவுல ஜெனரேட்டரே ஓடலன்னு எல்லாருமா சொல்லிப்புட்டோம். கோவிந்தராசு வண்டியத் தங்கச்சி வீட்டுக்குத் தள்ளிட்டுப் போயிட்டாரு."

"ஓடிச்சே பரமேஸ்வரி."

"ஓடிச்சு, யாரு இல்லன்னா? கேஸுன்னு ஆயிட்டா இவங்கள்லாம் மூட்டையக் கட்டிருவாங்க. பொங்கல் வரைக்கும் இருட்டுதான். செத்தவன் திரும்ப வரப்போறானா? நீங்க நம்ம புள்ளைங்களுக்கு டீச்சரு. ஒங்களைக் கோர்ட்டுப் படியேற விடுவமா?"

நான் என் வீட்டு மெயினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போகும்போது பரமேஸ்வரி ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக்குழம்பு வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 6, வெள்ளி

ஃபோர்மேன் அய்யாசாமி மாதேஷின் பையை எடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு உள்ளே போனேன். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். மாதேஷின் மனைவிக்காகவாவது.

"ரிப்போர்ட்டுல என்னண்ணே எழுதியிருக்கு?"

"பர்மிஷன் வாங்கல, கரண்ட மண்ணுல எறக்குற எர்த் ராடு போடல, அவன் கவனக்கொறைவுன்னுதாங்க. லீவு நாளு, ராடெல்லாம் ஷெட்டுல பூட்டிக் கெடந்துச்சு. போடாம ஏறுனது நெசந்தானுங்களே."

"அவன் பொஞ்சாதிக்கு?"

"தப்பு அவன் மேலன்னா கம்பெனிக்காரன் கைய விரிச்சிருவானுங்க. வேற யாராச்சும் பண்ணதுன்னா அந்தப் புள்ளைக்கு ஒரு வழி பொறக்கும். அப்பிடி யாரும் இல்லீங்களே."

"நான் கூப்பிட்டுத்தான் வந்தான் அண்ணே."

"தெரியுங்க."

"இன்னொண்ணும் இருக்கு."

அவர் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே இருந்தார். அது பல்லில் சிக்கிக்கொண்டு நகரவில்லை. "வேண்டாங்க டீச்சர். நீங்க சொன்னா நான் கேட்டாவணும். கேட்டா எழுதியாவணும். எழுதுனா, ஞாயித்துக்கெழம ராடு இல்லாம ஆள அனுப்புனது யாருன்னு மொதல்ல என் சட்டையத்தாங்க புடிப்பாங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது."

நான் வாயைத் திறந்தேன். மணி அடித்தது என்று சொல்லலாம், பிள்ளைகள் வந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். மணியும் அடிக்கவில்லை, யாரும் வரவுமில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

தரையில் கிடந்த வரைபடத்தை அவர் சுருட்டி என்னிடம் கொடுத்தார். "இது உங்களுதுங்களா?" என்றார். என்னுடையதுதான் என்றேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

பொறியாளர் தொட்டுப் பார்த்தபோது மெயின் இறங்கித்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். பொய்யில்லை. இறக்கியது நான்.

தெரு மொத்தமும் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் உள்ளே போனேன். ஏன் போனேன் என்றால், எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கைப்பிடி மேலே இருந்தது. விடிகாலையில் தூக்கிய கை, அவன் குரல் கேட்டதும் அப்படியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. மூடிய சுற்று. ஜெனரேட்டர், என் வீட்டுச் சுவர், மெயின், தெருக்கம்பி, அவன். ஏழாம் வகுப்புப் பாடம். இறக்கிவிட்டுப் புடவைத் தலைப்பால் கைப்பிடியைத் துடைத்தேன். துடைக்க என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரர் தினமும் சாப்பிட உட்காரும்போது சொல்கிறார். "அந்தத் தம்பி கேட்டான், நான் சொன்னேன். சரியாத்தானே சொன்னேன் அரசி? நான் எறக்குனதுதானே?" ஆமாங்க என்கிறேன். அவர் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சோற்றில் கை வைக்கிறார். நான் உண்மையைச் சொன்னால், ஏறுங்க தம்பி என்று சொல்லிச் சாகடித்தவர் அவர் என்று ஆகிவிடும். தோப்பும் போய் இதுவும் என்றால் இந்த மனுஷன் தாங்கமாட்டார்.

இப்படி எழுத நன்றாகத்தான் இருக்கிறது. இவருக்காகச் சொல்லாமல் இருக்கிறேனாம். எனக்கு என் வேலை போய்விடும் என்று பயம், ஜெயில் என்று பயம், மங்கையர்க்கரசி டீச்சர் வீட்டுக் கரண்டு என்று ஊர் பேசும் என்று பயம். அதுதான் நிஜம்.

டிசம்பர் 9, திங்கள்

ஃபோர்மேன் பேசி, ஆட்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

டிசம்பர் 12, வியாழன்

கரண்டு வந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் தெருவிளக்கு எரிந்தது. "கரண்டு வந்துட்டோய்!" என்று பிள்ளைகள் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினார்கள். யாரோ வெடிகூடப் போட்டார்கள். எல்லா வீட்டிலும் மெயின் ஏறியது. எங்கள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது.

"டீச்சர், ஒங்க வீட்டுல வரலையா?" என்று வாசலில் நின்று கேட்டாள் பரமேஸ்வரி. நான் கொல்லையில் இருந்தேன், காதில் விழாத மாதிரி. இவர் போய்த் தூக்கினார். ஹால் பல்பு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, அந்த ஞாயிற்றுக்கிழமை சுவிட்சை அணைக்காமல் விட்ட மிக்ஸி, ஜார் இல்லாமல் வெறுமனே ஓட ஆரம்பித்தது. இவர்தான் ஓடிப்போய் நிறுத்தினார்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். தெரு முழுக்க அகல் வைத்திருக்கிறார்கள். நான் வைக்கவில்லை. வீட்டு விலக்கு என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 16, திங்கள்

ஆட்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். ஊராட்சியில் மாலை போட்டு அனுப்பினார்கள். மாதேஷின் பெயரை யாரும் எடுக்கவில்லை. வகுப்பறை எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. வரைபடத்தை ஆணியில் மாட்டினேன். காஷ்மீரில் தலையெண்ணெய்க் கறை. சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. பிறகு துடைப்பதை விட்டுவிட்டேன்.

டிசம்பர் 18, புதன்

அரையாண்டுத் தேர்வு எங்கள் பக்கத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குப் பதில் நடத்திய பாடங்களில் ஒரு தேர்வு வைக்கச் சொல்லி, தலைமையாசிரியரே பிள்ளைகளின் குறிப்பு நோட்டை வாங்கி வினா எடுத்துக் கரும்பலகையில் எழுதிப்போட்டார். கடைசியில் சரியா தவறா. ஐந்தாவது கேள்வி: மின்சாரம் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மட்டுமே செல்லும்.

நான் வகுப்பின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை தலைகளும் குனிந்து எழுதின. துர்கா மட்டும் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் எழுதினாள்.

டிசம்பர் 19, வியாழன்

திருத்தினேன். எல்லாரும் 'சரி' என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் எழுதுகிற பிள்ளைகள். துர்காவின் தாள் அடியில் இருந்தது.

'தவறு. மெயின் தூக்கியிருந்தால் வீட்டிலிருந்தும் கம்பத்துக்குப் போகும்.'

மெயின் தூக்கியிருந்தால். இதை நான் வகுப்பில் சொல்லவில்லை. யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்? எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எங்கள் ஹால் சுவரும் அதில் இருக்கிற மெயினும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

ஒரு மார்க். இத்தனை பேரில் பாடத்தைப் புரிந்துகொண்ட ஒரே பிள்ளை. சிவப்புப் பேனாவை மூடினேன், திறந்தேன். அவளுக்குச் சரி என்று போட்டால் மற்ற எல்லாருக்கும் தப்பு என்று போடவேண்டும். ஏன் டீச்சர் தப்பு, நீங்கதானே எழுதிப்போட்டீங்க என்று கேட்பார்கள். எழுந்து நின்று வீட்டிலிருந்து கம்பத்துக்கு எப்படிப் போகும் என்று படம் போட்டுக் காட்டவேண்டும். அந்தப் படத்தில் கம்பத்தின் மேல் என்ன வரைவது? ஊரில் யாரிடமும் சொல்லமுடியாததை இந்த ஒரு டிக்கில் சொல்லியிருக்கலாம். அதுகூட முடியவில்லை.

பெருக்கல் குறி போட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

தாள்களைக் கொடுத்தேன். அரை மார்க்குக்கும் ஒரு மார்க்குக்கும் சண்டை போட வழக்கம்போல மேஜையைச் சுற்றிக் கும்பல். துர்கா வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மணிக்குப் பிறகு நோட்டோடு வந்து நின்றாள்.

"எழுதிட்டேன் டீச்சர்."

"என்னடி?"

"தப்புன்னா பத்துத் தடவ எழுதணும்ல."

"நான் ஒன்னை எழுதச் சொல்லலையே துர்கா."

அவள் என்னைப் பார்க்காமல் மேஜை விளிம்பைப் பார்த்தாள். "நேத்தே வீட்ல சொன்னேன் டீச்சர், அஞ்சாவது கேள்விக்கு என்ன எழுதுனேன்னு. அம்மா அடிச்சுட்டாங்க. டீச்சரு என்ன சொல்லிக்குடுத்தாங்களோ அத மட்டும் எழுதுன்னாங்க."

நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். மார்ஜின் போட்டு, வரிசை எண் போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். மின்சாரம் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மட்டுமே செல்லும். மின்சாரம் கம்பத்திலிருந்து வீட்டுக்கு மட்டுமே செல்லும். தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. பக்கம் புரண்டு புரண்டு போனது, துர்கா குனிந்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அடியில் கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டுக் கொடுத்தேன்.